உள்ளே என்ன ஓடுது?

எந்திரங்களுக்கான ரப்பர் குழாய்களுக்கு முனை அமுக்கிக் கொடுக்கிற பிரஸ் கடை அக்காவுக்கு ஒரு வழக்கம். யார் எந்தக் குழாயைக் கொண்டுவந்து மேசையில் போட்டாலும் முதல் கேள்வி, "உள்ளே என்ன ஓடுது?" என்பதுதான். நீளம், தடிமன், அவசரம், ஆத்திரம் எல்லாம் அதற்கு அப்புறம். மண் தோண்டும் எந்திரம் ஓட்டுகிறவர்கள், கிரேன்காரர்கள், அவளைவிட வயதில் மூத்த முரட்டு ஆசாமிகள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதில் தெரியாமல் வந்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பிப் போய், விசாரித்துக்கொண்டு வருவார்கள். ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு கேள்வி கிடையாது என்று ஒரு கிரேன்காரர் முணுமுணுத்ததற்கு, அங்கே நோயாளி வாயைத் திறந்து சொல்லுவான், குழாய் சொல்லுமா என்றாள் அவள்.

அவள் கேட்பதில் நியாயம் இருந்தது. எல்லா ரப்பரும் பார்க்க ஒரே கறுப்புதான். ஆனால் வெந்நீருக்கு உள்ளது ஆயிலில் ஊறிப்போகும், ஆயிலுக்கு உள்ளது வேறொன்றில் கரைந்துபோகும். எதற்கு எது என்று ஓர் அட்டவணை கடைச் சுவரில் மாட்டியிருந்தது. அதைப் பார்க்காமலே சொல்லுவாள்.

இப்படிப்பட்டவள், கூடப் பிறந்த தம்பியிடம் கோட்டை விட்டாள் என்றால் நம்புவீர்களா?

தம்பி அந்தக் கடையிலேயே வேலை பார்த்தவன்தான். அப்பா போன பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து நடத்திய கடை அது. குழாயை வெட்டி, இரும்பு வளையத்தைப் போட்டு, ஃபிட்டிங்கைச் செருகி, எந்திரத்தில் வைத்து அமுக்குவது வேலை. குழாய் எதுவரைக்கும் உள்ளே போக வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டுதான் செருக வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கோடு வரைக்கும் போகாமலே அமுக்கிக் கொடுத்துவிட்டான். வேலை நடந்துகொண்டிருக்கும்போது குழாய் பிடுங்கிக்கொண்டு, கொதிக்கிற ஆயில் எந்திரம் ஓட்டியவரின் முழங்கையில் கொட்டிவிட்டது. தோல் வழன்றுபோய் அந்த மனிதர் ரொம்ப நாள் படுத்திருந்தார்.

தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, "பார்க்காம செய்யுற கைக்கு இங்க வேலை இல்லை" என்று சொல்லி அவன் கையிலிருந்த குழாயைப் பிடுங்கி வைத்துவிட்டாள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கையைத் துடைத்துவிட்டு வெளியே போனான். அன்றைக்கு அற்றுப்போனதுதான் பேச்சுவார்த்தை. இவளும் போகட்டும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவன் கல்யாணத்துக்குப் பத்திரிகை மட்டும் வந்தது. போய்ப் பந்தலில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். குழந்தை பிறந்ததை வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். ராத்திரி அழுதாள் என்பது அவள் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் வேன் ஓட்டுகிறவர். எதையும் சிரிப்பாக்கிவிடுகிற அந்த மனிதரே அதை மட்டும் சிரிப்பாக்கவில்லை.

அந்தத் தம்பி ஒருநாள் கடை வாசலில் வந்து நின்றான். வாடிக்கைக்காரன் மாதிரி, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். கையில் ஒரு பழைய காரின் கிளட்ச் குழாய். இரண்டு பக்கமும் இரும்பு, நடுவில் ரப்பர். ரப்பர் வெடித்துக் கசிந்துகொண்டிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பம்பு ரூமில் வேலை கிடைத்திருக்கிறதாம். குடும்பத்தோடு போகிறானாம். காரை ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால் இந்தக் குழாய் எங்கேயும் கிடைக்கவில்லை, கம்பெனிக்காரன் செய்வதையே நிறுத்திவிட்டானாம். இவ்வளவையும் அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. கேள்வியைக் கேட்காமல் இல்லை, பழக்க தோஷத்தில் வாய் கேட்டுவிட்டது.

"உள்ளே என்ன ஓடுது?"

"ஆயில்தான். கிளட்ச் ஆயில்."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது. ஏனென்றால் அது ஆயிலே இல்லை. பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஊற்றுகிற அந்தச் சமாச்சாரத்தின் பாட்டிலில் ஃப்ளூயிட் என்றுதான் அச்சடித்திருக்கும். யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எல்லாருக்கும் அது பிரேக் ஆயில், கிளட்ச் ஆயில். ஆயிலை வருஷக்கணக்கில் தாங்குகிற ரப்பரை அது ஊறவைத்து உதிர்த்துவிடும். சுவரில் தொங்கிய அட்டவணையிலும் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் கார் வேலை அந்தக் கடைக்கு வந்ததே இல்லை. அந்தக் கடையில் ஆயில் என்றால் ஆயில்தான். அவனும் அங்கே வளர்ந்தவன்தானே, அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

வேறு யாராவது இருந்திருந்தால் எந்த ஆயில், என்ன சூடு என்று இன்னும் நாலு கேள்வி கேட்டுக் குடைந்திருப்பாள். தம்பியிடம் கேட்கவில்லை. கேட்டால் பழைய அக்கா ஆகிவிடுவோமோ என்று பயம். கடையிலேயே உசத்தியான கறுப்புக் குழாயை எடுத்தாள். அந்த மரைக்குப் பொருந்துகிற ஃபிட்டிங்குக்காக டப்பா டப்பாவாகக் கொட்டித் தேடினாள். மேல் முனைக்குத் திருகு, கீழ் முனைக்கு மோதிரம் மாதிரி ஒன்று, அதன் இரண்டு பக்கத்துக்கும் புதுச் செப்பு வாஷர். எஞ்சின் குலுங்கும்போது இழுத்துப் பிடிக்கக் கூடாது என்று நீளத்தில் கொஞ்சம் தாராளம் விட்டாள். கோடு போட்டாள், செருகினாள், அமுக்கினாள், பம்பில் மாட்டி அழுத்தம் கொடுத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ செஞ்சா ஒண்ணும் பார்க்க வேண்டியதில்லை" என்றான். அந்த வார்த்தையை அவள் நாலு நாள் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள் என்றால் மிகையில்லை.

அவனே மாட்டிக்கொண்டான். பெடல் புதுசு மாதிரி இருக்கிறது என்று போன் பண்ணிச் சொன்னான். அடுத்த வாரம் பெண்டாட்டியையும் மகளையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். குட்டி வந்த வேகத்தில் அத்தை என்று ஒட்டிக்கொண்டது. தம்பி பெண்டாட்டி அண்ணி அண்ணி என்று பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். கிளம்புகிற அன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை காலை, இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்பட்டார்கள். காரின் பின் சீட்டில் தலையணை, வாளி, குட்டியின் சைக்கிள். தெரு முனை திரும்புகிற வரைக்கும் அக்கா வாசலில் நின்றாள்.

விடுமுறை நாள். வீட்டில் உட்காரப் பிடிக்காமல் கடையைப் பெருக்கலாம் என்று போனாள். மேசைக்கடியில் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. எப்போதாவது தேவைப்படுகிற அச்சுகளைப் போட்டு வைக்கிற பெட்டி. அதன் மூடிமேல்தான் தம்பி கொண்டுவந்த பழைய குழாய் கிடந்தது. அன்றைக்குப் போட்டது, அப்படியே கிடந்தது. அதை எடுத்தாள். கூடவே பெயின்ட்டும் வந்தது. குழாயிலிருந்து வடிந்த இடமெல்லாம் பால் ஆடை மாதிரி சுருங்கி, விரல் பட்டதும் வழித்துக்கொண்டு வந்தது.

ஆயில் பெயின்ட்டை ஒன்றும் செய்யாது. அந்தக் கடையில் ஆயில் படாத பெயின்ட்டே கிடையாது, அவளுக்குத் தெரியாதா? விரலை முகர்ந்து பார்த்தாள். அட்டவணையைப் போய்ப் பார்த்தாள். பிரேக் என்று போட்டிருந்த வரியில், கறுப்பு ரப்பருக்கு நேராகப் பெரிய பெருக்கல் குறி. வெள்ளை டெஃப்லானுக்கு நேராக டிக். டெஃப்லான் குழாய், மேலே எஃகுக் கம்பி பின்னியது, அவள் தலைக்கு மேல் அலமாரியிலேயே சுருண்டு கிடந்தது.

தம்பியின் காரில் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கும் என்று அவளுக்குச் சினிமா மாதிரி தெரிந்தது. ரப்பர் உள்ளே வீங்கி வழி அடைத்திருக்கும். உதிர்ந்த கறுப்புத் துகள் சிலிண்டருக்குள் போயிருக்கும். மிதித்த பெடல் எழும்பாது. கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஃப்ளூயிட் ஒரே டப்பாவிலிருந்துதான் போகிறது. முன்னால் மலை. வண்டியில் குட்டி.

போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் வேனோடு வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பதறாதே என்றார். குழாய் இன்றைக்கே வெடித்துவிடப் போவதில்லை, அவன் போய்ச் சேர்ந்ததும் மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லலாம், காரணம் எதற்குச் சொல்ல வேண்டும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆயில்னு சொன்னது அவன்தானே. இப்பதான் வாசப்படி ஏறியிருக்கான், நீயா எதுக்கு வாயைக் கொடுக்கிற?" என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. அவளுக்காகத்தான் சொன்னார். அவளுக்கும் ஒரு நிமிஷம் அது இனிப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஒரு குழாய்க்காக ஊரறிய ஒருவனை விரட்டியவள், அதே மாதிரி ஒரு குழாயைச் செய்து அவன் குழந்தை உட்கார்ந்த வண்டியிலேயே மாட்டிவிட்டாள் என்றால், அதை எந்த வாயால் சொல்வது? தெரிந்தால் அவன் சிரிப்பான். சிரித்தால்கூடப் பரவாயில்லை, அன்றைக்கு மாதிரி ஒன்றும் பேசாமல் போய்விட்டால் என்ன செய்வது?

அந்த நினைப்போடேயே தம்பி பெண்டாட்டியின் எண்ணுக்குப் போட்டாள். உடனே எடுத்தாள். மலையடிவாரத்து டீக்கடைகிட்ட நிற்கிறோம் என்றாள். ஒன்றுமில்லை, கிளட்ச் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது, அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று இழுத்தாள். அப்புறம் பொறுக்க முடியாமல், "அண்ணி, உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார். நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க" என்றாள்.

அக்காவுக்கு எல்லாம் முடிந்தது என்று ஆகிவிட்டது. குழாய்தான் தப்பு என்று கண்டுபிடித்துவிட்டான். அதனால்தான் போனை எடுக்கவில்லை, அதனால்தான் சொல்லாதே என்கிறான். சரி, போகட்டும், குழந்தை கீழேதான் நிற்கிறது, மலையில் இல்லை. அதை நினைத்தபோதுதான் மூச்சு வந்தது. வெள்ளைக் குழாயை இறக்கினாள். அதற்கென்று இருக்கிற ஃபிட்டிங்கைத் தேடி எடுத்தாள். சாக்பீஸ் கோட்டைப் போட்டுவிட்டு, சரியாகப் போட்டோமா என்று மறுபடி மறுபடி அளந்தாள். அமுக்கி, அழுத்தம் பார்த்து, வழியில் நாலு பாட்டில் ஃப்ளூயிட் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வேனில் உட்கார்ந்தாள்.

டீக்கடைக்குப் பக்கத்தில் காரின் பானெட் திறந்திருந்தது. மரத்தடியில் தம்பி பெண்டாட்டி, மடியில் தூங்குகிற குட்டி. வேனைப் பார்த்ததும் தம்பி நிமிர்ந்தான். கையெல்லாம் கறுப்பு. இவள் இறங்கி நாலடி வைப்பதற்குள், திட்டுவானோ, திரும்பிக்கொள்வானோ என்று இவள் தயாராவதற்குள், அவன் முந்திக்கொண்டான்.

"அக்கா, நான்தான் ஏதோ சரியா செய்யலை. உன் குழாயைக் கெடுத்துட்டேன்."

இவளுக்குப் புரியவில்லை. அவன் மடமடவென்று சொல்லிக்கொண்டே போனான். மாட்டின நாலாம் நாளே டப்பாவில் ஆயில் கறுத்திருந்ததாம். மாட்டும்போது கையைச் சரியாகக் கழுவாமல் அழுக்கை உள்ளே விட்டுவிட்டோம் என்று நினைத்தானாம். பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல் முழுக்க வடித்துவிட்டுப் புதுசு ஊற்றினானாம். மறுபடி கறுத்ததாம். மறுபடி மாற்றினானாம். இவள் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்றைக்கும், இன்று காலையில் இட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டபோதும், அதே கவலையில்தான் உட்கார்ந்திருந்தானாம். எங்கே தப்புப் பண்ணினேன் என்றே தெரியவில்லை அக்கா, கோடு போட்ட மாதிரிதான் எல்லாம் செய்தேன் என்றான். முப்பது வயது தாண்டிய ஆண்பிள்ளை, சின்னப் பையன் மாதிரி கறுத்த கையை விரித்துக் காட்டிச் சொன்னான்.

"என் குழாயில தப்பு இருக்குமான்னு யோசிக்கலையா நீ?"

"நீ செஞ்சதுலயா?" என்றான். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டான்.

அக்காவுக்கு அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. இவன் கோபமாக இருப்பான் என்றல்லவா வழியெல்லாம் பயந்தாள். கோபமாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நாலு வருஷமாக எந்த வேலையைத் தொட்டாலும், எது கெட்டாலும், தன் கைதான் கெடுத்தது என்று நினைக்கிறவனாக அவனை ஆக்கி வைத்திருக்கிறாள். கொதித்த ஆயில் பட்ட மனிதரின் முழங்கைகூட ஆறிவிட்டது. இவள் வாய் பட்ட இடம் ஆறவில்லை.

சொன்னாள். ரப்பர் தப்பு, எடுத்தது நான், பெயின்ட் உரிந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். ஆயில் என்று சொன்னது நான்தானே என்றான். பார்த்தீர்களா, அங்கேயும் அவனே போய் நின்றுகொண்டான். வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று நகர்ந்துவிட்டார்.

"எந்த ஆயில்னு நான் கேட்டிருக்கணும். ஊர்ல இருக்கிறவனை எல்லாம் கேட்டு உயிரை எடுக்கிறேன், உன்னைக் கேக்கலை. தப்பு என்னோடதுடா. உன்னோடது இல்லை."

அவன் சரி என்றான். ஆனால் நம்பின மாதிரி தெரியவில்லை. அக்கா பெரிய மனசு பண்ணிச் சொல்கிறாள் என்கிற மாதிரிதான் நின்றான்.

இன்றைக்கு மலை ஏற வேண்டாம், குழாயை மாற்றி, ஊருக்குத் திரும்பி, ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிரேக்கையும் முழுசாக அலசிவிட்டுப் போகலாம் என்று பேசிக்கொண்டார்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். கறுப்புக் குழாயைக் கழற்றி அவன் கீழே போட்டான். அதன் வாய் வீங்கி, ஊசி நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது. டப்பாவில் இருந்த கறுப்பை உறிஞ்சி எடுத்துப் புதுசு ஊற்றினான். வெள்ளைக் குழாயின் மேல் முனையை மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மரை பிடிக்கவில்லை. எடுத்து மறுபடி வைத்தான். செப்பு வாஷர் கை நழுவி மண்ணில் விழுந்தது. குனிந்து எடுத்துச் சட்டையில் துடைத்தான். மறுபடி நழுவியது. அவன் விரல்கள் நடுங்குவதை அப்போதுதான் கவனித்தாள். எதற்கு நடுங்குகிறது என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் பார்க்கிறாள், அதனால்தான்.

நகர்ந்து போய், கார்க் கதவைத் திறந்து ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். திறந்த பானெட் முன்னால் மறைத்தது. அங்கிருந்து அவன் கை தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஸ்பானர் ஒழுங்காகத் திருகுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவன் காருக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

குழாயில் இருக்கிற காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே நட்டைத் திறந்து மூட வேண்டும்.

"மிதி" என்றான் அடியிலிருந்து. மிதித்தாள்.

"பிடி." பிடித்தாள். கீழே நட்டுத் திறந்ததும் பெடல் காலோடு அமுங்கிப் போனது. மூடினான்.

"விடு." விட்டாள்.

மிதி, பிடி, விடு. பார்க்கிறவர்கள் யாரும் இல்லாததால் அவன் குரல் நேராக வந்தது. முதலில் மை மாதிரி வருகிறது என்றான். அப்புறம் டீ மாதிரி என்றான். இடையிடையே டப்பாவில் ஊற்ற எழுந்து வந்தான், இவள் முகத்தைப் பார்க்காமல் ஊற்றிவிட்டுப் போனான். இவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேருக்கு நேர் சொல்ல முடியாது என்று தெரிந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்ல மாட்டோம் என்றும் தெரிந்தது.

"பிடி" என்றான்.

பிடித்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உன் கையிலேருந்து குழாயைப் பிடுங்கினேனே. அப்படிப் பண்ணியிருக்கக் கூடாதுடா. நீ தப்புப் பண்ணினே, சரி. அதுக்காக உன் கையையே தப்புன்னு சொல்லியிருக்கக் கூடாது."

கீழே ஸ்பானர் சத்தம் நின்றது. பெடல் தரையோடு கிடந்தது. அவள் கால் முழு பலத்தோடு அதை அழுத்திக்கொண்டிருந்தது. ஆடுசதை வலித்தது. அவன் சொல்லாமல் எடுக்கக் கூடாது, எடுத்தால் காற்று உள்ளே ஏறிவிடும். மரத்தடியில் குட்டி எழுந்து எதற்கோ சிணுங்கியது, அதன் அம்மா தட்டிக் கொடுத்தாள்.

நட்டை இறுக்குகிற சத்தம் வந்தது.

"விடுக்கா" என்றான்.

காலை விடச் சொன்னானா, பேச்சை விடச் சொன்னானா, அவளுக்குத் தெரியவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. காலை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட நேரம் கொடுக்காமல் அடியிலிருந்து மறுபடி குரல் வந்தது.

"மிதி."

மிதித்தாள்.